மேல் போர்ஷன் மீன் வாசம்

திருச்சி புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸம்மாவை, அவர் சமைக்காத மீனுக்காக நான் காலி செய்ய வைத்தேன். வாசம் வந்தது என் வீட்டு சுவிட்ச் போர்டிலிருந்து. அந்த போர்டிலிருந்து அவருடைய கீசருக்கு லைன் இழுக்கச் சொன்னவனும் நான்தான். இதை வெளியே யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "ஒயரிங்கில் சின்னக் கோளாறு, சரி பண்ணியாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நால்ரோட்டைச் சுற்றி மாடி எடுத்துக் கட்டியவர்களுக்கு வாடகைக்கு ஆள் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. பக்கத்திலேயே அரசு மருத்துவமனை, வயலூர் ரோட்டுப் பக்கம் பிஷப் ஹீபர் கல்லூரி. நர்ஸ்கள், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், வாத்தியார்கள், மருந்து கம்பெனி ரெப்கள் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆள் தாராளமாகக் கிடைத்தால் வீட்டுக்காரனுக்கு நிபந்தனை போடும் தைரியமும் வந்துவிடும். எங்கள் வீடு சைவம். டு-லெட் பலகையில் 'சைவம் மட்டும்' என்று எழுத மாட்டேன். தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி உண்டு. இத்தனைக்கும் இது குழுமாயி அம்மனின் ஊர். மாசியில் குட்டிக்குடித் திருவிழா வந்தால் குட்டி குட்டியாக ஆடு கொடுப்பார்கள், மருளாளி ரத்தத்தைக் குடிப்பார், அதைக் கும்பிட்டு நிற்கிற கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அம்மன் போடாத நிபந்தனையை நான் போட்டேன்.

நர்ஸம்மா அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். "டூட்டிக்கு ஓடறதுக்கே நேரம் சரியா இருக்கும் சார், இதுல மீன் எங்க வாங்கி எங்க கழுவறது. ஆசை வந்தா வெளிய சாப்ட்டுக்குறேன்" என்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொந்தமாக ஒரு கீசர் வைத்திருக்கிறார், மாட்டிக்கொள்ளலாமா? நைட் டூட்டி முடிந்து வந்தால் வெந்நீரில் குளித்தால்தான் தூக்கம் வருமாம்.

அங்கேதான் என் கஞ்சத்தனம் உள்ளே வந்தது. வந்த ஒயர்மேன், கீசருக்கு மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் வேண்டும், நாலு ஸ்கொயர் ஒயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி., பதினாறு ஆம்பியர் பாயிண்ட் என்று சொன்னார். அதற்குக் கூடத்துச் சுவரை வெட்ட வேண்டும். அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய போர்டு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோய்விடுங்களேன் என்றேன். "அது லைட் லைன் சார். கீசர் தாங்காது" என்றார். "ஒத்த ஆள் குளிக்கத்தானே, ஊரே குளிக்கப் போகுதா?" என்றேன். அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, பணம் கொடுக்கிறவர் சொல்கிறார் என்று, அந்தப் போர்டிலிருந்த பழைய வெள்ளை பிளக் பாயிண்டின் திருகிலிருந்தே ஒயரை எடுத்து மேலே விட்டார். போர்டு பார்க்க அசிங்கமாக இருந்தது. அதன் மேல் ஆணி அடித்து மாதக் காலண்டரை மாட்டினேன்.

கார்த்திகை மழை விட்ட பிறகு அந்த வாசம் ஆரம்பித்தது. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்தில், காலையில் லேசாக ஒரு கவிச்சி. முதலில் வெளியே இருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். குழுமணி ரோட்டில் காசிவிளங்கி மீன் மார்க்கெட் இருக்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வரலாம். உய்யக்கொண்டான் இருக்கவே இருக்கிறது. சோழன் பாசனத்துக்கு வெட்டிய வாய்க்காலில் இன்று ஊர்ச் சாக்கடை கலக்கிற வாசம் எந்தத் தினுசில் வேண்டுமானாலும் வரும். ஆனால் வாசலுக்கு வந்து நின்றால் ஒன்றும் இல்லை, உள்ளே வந்தால் இருந்தது. அப்போதே பேசாமல் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கலாம். நான் அண்ணாந்து மாடியைப் பார்த்தேன்.

சர்வீஸ் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். சந்தேகம் வந்தால் குறித்துவைக்காமல் இருக்க முடியாது. வாசம் வந்த நாளில் காலண்டரில் அந்தத் தேதிக்கு மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மாதத்துக்குள் புள்ளிகள் பேச ஆரம்பித்துவிட்டன. நர்ஸம்மா டூட்டி முடிந்து மாடியேறிய கொஞ்ச நேரத்தில் வாசம் வருகிறது. அவர் லீவில் ஊருக்குப் போனால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரே மீனோ கறியோ எடுக்கிற நாள், வேறென்ன சாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமையில்கூட மீனா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. போதாக்குறைக்கு மார்கழி வேறு பிறந்துவிட்டது. ஞாயிறும் வெள்ளியும் அந்தப் பெண் தலைக்குக் குளிக்கிற நாட்கள், அன்றைக்குக் கீசர் அதிக நேரம் ஓடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. புள்ளிகளில் தப்பே இல்லை. நான் எழுதிய கணக்கு முழுக்கச் சரி. தலைப்பை மட்டும் மாற்றி எழுதியிருந்தேன்.

கூடத்தில் என் டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கிறது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் வரும். காலைச் செய்தி நேரத்தில் அது கரகரவென்று இழுக்க ஆரம்பித்ததும் அதே நாட்களில்தான். ரேடியோ கிழடாகிவிட்டது என்று திருப்பித் திருப்பி வைத்தேன். அதற்கு நான் புள்ளி வைக்கவில்லை.

என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "மீன் வாசம், மீன் வாசம்ங்கிறீங்களே, மீனை எப்ப மோந்து பாத்தீங்க?" பதில் இல்லை. பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காதவன், மார்க்கெட் பக்கம் போனால் கர்ச்சீப்பை மூக்கில் வைப்பவன். அந்த வாசத்துக்கு நிபுணன் நானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். தலையில் ஈரத் துண்டோடு வந்து திறந்தார்.

"ஏம்மா, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன சார்?"

"மீன் வாசம் கீழ வரைக்கும் வருது. வீட்ல மனுஷன் இருக்க வேண்டாமா?"

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, "உள்ள வந்து பாருங்க சார்" என்றார். அடுப்பில் ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசப்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினேன். வறுத்த ரவை, ஷாம்பு, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்துவிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சார், நான் கடக்கரை ஊர்ல பொறந்தவ. மீன் வாசம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். படிக்கட்டுக்குக் கீழ வர்ற வாசம் எனக்கும் அடிக்குது. அது மீன் இல்ல. ஏதோ சூடாகிக் கருகுற மாதிரி இருக்கு. ஒரு ஒயர்மேனைக் கூட்டிட்டு வந்து பாருங்க."

அந்த வீட்டில் மீன் வாசத்தைப் பற்றிச் சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள் அவர்தான். அவர் சொன்னதை நான் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றுகிறார், என் வீட்டு ஒயரிங்கின் மேல் பழியைத் திருப்புகிறார் என்று கோபம் கூடியது. தை பிறந்ததும் காலி செய்துவிடச் சொன்னேன். மார்கழியில் யாரையும் வீடு மாற்றச் சொல்லக் கூடாது என்ற சாஸ்திரம் மட்டும் ஞாபகம் இருந்தது.

போகும்போது அட்வான்ஸில் பெயிண்ட்டுக்கென்றும் சுத்தம் செய்வதற்கென்றும் ஒரு தொகையைப் பிடித்தேன். அவர் சண்டை போடவில்லை. மளிகைக் கடையிலும் எதிர்வீட்டிலும் ஏன் காலி செய்கிறார் என்று கேட்டார்கள். சொன்னேன். வீட்டு புரோக்கரிடம் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொன்னேன்.

அவர் போனதும் வாசம் நின்றுவிட்டது. மாடி பூட்டிக் கிடந்தது. கீசர் ஓடவில்லை, அதனால் வாசமும் இல்லை. நான் மாடிப்படிக்குக் கீழே நின்று மூச்சை நன்றாக இழுத்து, "பாத்தியா?" என்றேன் மனைவியிடம்.

பிறகு எங்களைப் போலவே சைவமாக ஒரு குடும்பத்தைப் புரோக்கர் கொண்டுவந்தார். கணவன், மனைவி, ஒரு வயதான அம்மா. மாடிக் குளியலறையில் லைன் தயாராக இருக்கிறதே என்று அவர்களும் ஒரு கீசரை வாங்கி மாட்டினார்கள். அம்மாவுக்குக் கைகால் குடைச்சல், வெந்நீர் இல்லாமல் ஆகாது. மாசிக் குளிர் இன்னும் விடவில்லை. வந்த முதல் வாரத்திலேயே செருப்பு விடுகிற இடத்தில் அதே கவிச்சி, முன்னைவிடக் காட்டமாக.

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது முக்கியமாக இதைத்தான். அந்த வாசம் மறுபடி மூக்கில் ஏறியபோது, மாடியில் மீன் சமைக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. அதே வாசம், அதே இடம், அதே நேரம். காலண்டரை எடுத்துப் புள்ளி வைக்கவில்லை, மாடியேறிக் கதவைத் தட்டவில்லை. அன்று மதியமே ஒயர்மேனுக்குப் போன் செய்தேன். கஞ்சத்தனத்துக்காவது கொஞ்சம் சாக்குச் சொல்லலாம், பணமில்லை என்று. இதற்கு எந்தச் சாக்கும் அகப்படவில்லை. நர்ஸம்மாவின் பெயரையும் ஊரையும் கேட்ட அன்றைக்கே என் மூக்கு தீர்ப்பு எழுதிவிட்டது. வாசம் பின்னால்தான் வந்தது.

இந்த முறை வந்தவர் வேறொரு ஒயர்மேன், வயசானவர். வந்ததும் போர்டைத் தொடவில்லை. மாடியில் கீசரைப் போடச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். உள்ளேயே நின்றால் மூக்குக்குப் பழகிவிடும், வாசம் எங்கே தூக்கல் என்று பிடிபடாது என்றார். திரும்ப வந்தவர் படிக்கட்டுக்குக் கீழே நேராகப் போய்க் காலண்டரின் மேல் புறங்கையை வைத்தார். உள்ளங்கையை வைக்க மாட்டாராம். எங்காவது கரண்ட் இருந்தால் உள்ளங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும். "ரேடியோ ஏதும் கரகரன்னுச்சா சார்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

காலண்டரைக் கழற்றித் திருப்பினார். பின்னட்டையில், பிளக் பாயிண்டுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு ஏறி, நடுவில் கறுத்திருந்தது. அந்தப் பக்கம் நான் வைத்த புள்ளிகள், இந்தப் பக்கம் இது. மெயினை இறக்கிவிட்டு போர்டைத் திறந்தார். வெள்ளை பிளக் பாயிண்ட் ஒரு பக்கம் தேன் நிறமாகி உப்பியிருந்தது. திருகைத் தொட்டதுமே ஆடியது. ஒயரின் மேல் தோலை நகத்தால் தட்டினார், அப்பளம்போல் உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. பாயிண்டைக் கழற்றி என் மூக்குக்குக் கிட்டே நீட்டினார். "இதான் சார் உங்க மீனு."

பழைய வெள்ளை சுவிட்சுகளும் பாயிண்டுகளும் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற பிசினில் வார்த்தவை. அது அளவுக்கு மேல் சூடானால் அமீன் வகை ஆவிகள் கிளம்பும். மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமைனும் அதே வகையறாதான். அதனால்தான் மீன் போல நாறும். கறுப்பு பேக்லைட் ஹோல்டர் கருகினால் ஆஸ்பத்திரி பினாயில் போல வருமாம். ஒயரின் பி.வி.சி. தோல் கருகினால் மூக்கைக் குத்தும், தொண்டை எரியும். அதிலிருந்து கிளம்புவது ஹைட்ரஜன் குளோரைடு. பழைய டியூப் லைட் சோக்கிலிருந்து தார் வாசம், மிக்ஸி காயில் புகைந்தால் வார்னிஷ். போர்டுக்குள் பல்லி மாட்டிக்கொண்டால் அது தனிக் கதை. இதையெல்லாம் அந்த மனிதர் ஒயரை வெட்டிக்கொண்டே சொன்னார். வாசம் அடைத்த இடத்திலிருந்து குழாய் வழியே ஓடி வேறு அறை போர்டில் எட்டிப்பார்ப்பதும் உண்டாம், அதனால் வாசம் வருகிற போர்டுதான் குற்றவாளி என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டக் கூடாதாம்.

"எம்.சி.பி. ஏன் விழலை?" என்று கேட்டேன். அது என் மனசில் இருந்த கடைசிச் சமாதானம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மின்கம்பியில் கிளம்பிய பொறி மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலைப் பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்களும் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பயத்தில்தான் வீட்டிலிருந்த பழைய ஃபீஸ் கட்டைகளைத் தூக்கிவிட்டு எம்.சி.பி. போட்டேன். அதற்கப்புறம் கரண்ட் விஷயத்தில் எனக்குக் கவலையே இருந்ததில்லை. ஏதாவது என்றால் அதுவே விழுந்துவிடும்.

விழாது என்று விளக்கினார். கீசர் 2,000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். திருகு நெகிழ்ந்தாலும் கரண்ட் கூடுவதில்லை. கூடாத கரண்ட்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. எதற்கு விழ வேண்டும்? கசிவு இருந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி.யும் விழாது, பூமிக்கு எதுவும் கசியவில்லையே. ஆனால் அந்த நெகிழ்ந்த திருகில் அரை ஓம் தடை இருந்தால் போதும். கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 38 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்குகிற பற்றுக்கோல் அவ்வளவு வாட்டில்தான் வேலை செய்கிறது. சூடாகும்போது செம்பு விரியும், ஆறும்போது சுருங்கும், திருகு இன்னும் நெகிழும், செம்பின் மேல் கருப்பு படியும், தடை கூடும், சூடும் கூடும். ஆறு ஆம்பியர் பாயிண்டில் இந்தக் கூத்து. அதன் மேல் நான் காகிதத்தை மாட்டியிருந்தேன்.

இப்போது தனி லைன் போட்டாகிவிட்டது. கூடத்துச் சுவரை வெட்டித்தான் போட்டோம். பெயிண்ட் திட்டாகத் தெரிகிறது.

நர்ஸம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட ரொம்ப நாள் இழுத்தேன். கடைசியில் மனைவிதான் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையையும் எப்படியோ சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அது ராத்திரி பத்திக்கிட்டிருந்தா இறங்கி வர அந்த ஒரு படிக்கட்டுதானே சார் இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அட்வான்ஸ்ல பிடிச்ச காசு?"

அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அனுப்புங்க" என்று வைத்துவிட்டார். அன்றைக்கே அனுப்பினேன். வந்து சேர்ந்ததாகப் பதில் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

மளிகைக் கடைக்காரரிடம், அது மீன் வாசம் இல்லை, ஒயரிங் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட்டேன். "அட, அந்தப் பொண்ணு இங்க முட்டைகூட வாங்கினதில்லையே சார், நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அப்பவே நினைத்தவர் அப்பவே சொல்லவில்லை. எதிர்வீட்டிலும் சொன்னேன். மாடியில் இருப்பவர்களிடம் லைன் மாற்றியதை மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏன் என்பதைச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

புரோக்கரிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸம்மா நால்ரோட்டுப் பக்கம் வீடு தேடியபோது அவர் காட்டக்கூட இல்லை என்று பின்னால் காதில் விழுந்தது. சொன்னால் அவர் வாய் சும்மா இருக்காது. அடுத்து என் மாடிக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.